எடைக்கல் ஏறி நின்ற பிடி

எடைக்கல் என்று அவளுக்குப் பேர் வைத்தது லாரி டிரைவர்தான். மரம் வெட்டும் கோஷ்டியில் அவள் சேர்ந்த அன்றைக்கு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் வண்டி லேசாக ஒரு பக்கம் இறங்கிக் கொடுத்தது. "இந்தத் தட்டுல எடைக்கல்லு வச்சாச்சு, அந்தத் தட்டுல சரக்கை ஏத்துங்கப்பா" என்றார் டிரைவர். பின்னால் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் இறங்கவில்லை. வேறு யாராவதாக இருந்தால் மறுநாள் பின்பக்கமாகப் போய் ஏறியிருப்பார்கள். அவள் மறுநாளும் முன்சீட்டில்தான் ஏறினாள். நாளடைவில் அது அவள் சீட் என்று ஆகிவிட்டது. மழை கொட்டினாலும் வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

உடம்பைப் பற்றி யார் பேசினாலும் கூசிக் குறுகுகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. அதற்காக வலிக்காது என்று அர்த்தமில்லை. முதன்முதலில் வேலைக்குப் போனது ஒரு கட்டில் கடையில். கணக்குப் பார்க்க என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலாளி, "ஏம்மா, இங்க வந்து கொஞ்சம் உக்காரு" என்பார். அவள் உட்காருவாள். "பார்த்தீங்களா சார், இந்த அம்மா உக்காந்தே அசையலை" என்பார். கட்டில் விற்றுவிடும். கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது, முதலாளி பெருமையாகக் காட்டிய விலையுயர்ந்த தேக்குக் கட்டிலில் உட்காராமல் ஏறி நின்றாள். குறுக்குச் சட்டம் படாரென்று விட்டது. "இது தேக்கு இல்ல சார்" என்று வந்தவர்களிடம் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மரத்தைப் பற்றி அவளுக்கு முதலில் தெரிந்தது அவ்வளவுதான். பார்த்தால் தெரியாது, ஏறி நின்றால் தெரியும்.

அக்கா வீட்டுக்காரர் மரம் ஏறுகிறவர். மின்கம்பிக்கு மேலே சாய்கிற கிளைகளையும் சாலையை மறிக்கிற மரங்களையும் வெட்டுகிற கோஷ்டியில் அவர்தான் உயரத்துக்குப் போகிற ஆள். அவர் சொல்லித்தான் அவளை அங்கே சேர்த்தார்கள். சாய்ப்பதற்கு என்னதான் மோட்டார் ரம்பம் வந்துவிட்டாலும், கிளை கழிக்கக் கைக்கோடாலி வேண்டும், ஆப்பு அடிக்கவும் கட்டை பிளக்கவும் பெரிய கோடாலி வேண்டும். கோடாலி இருந்தால் பிடி உடையும். உடைந்ததை மாற்ற ஒரு ஆள் வேண்டும். லாரியும் வெட்டிய மரமும் கிடக்கிற கோஷ்டியின் யார்டில், சாமான் கொட்டடிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை, அதில் மரம் கவ்வுகிற ஒரு இரும்புப் பிடிப்பான், இரண்டு கைப்பிடி வைத்த சீவுகத்தி, டீ போட ஒரு விறகடுப்பு, யார்டைப் பார்த்த ஒரு ஜன்னல். அதன் சாவி அவள் இடுப்பில் தொங்க ஆரம்பித்தது.

அந்தக் கோஷ்டிக்கு ஒரு சட்டம் உண்டு. பிடியின் அடி முனையைத் திருப்பிப் பார்த்தால் மரத்தின் வளர்ச்சிக் கோடுகள் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகள் கோடாலியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கமாக ஓடினால் அது நின்ற வரி. அதற்குக் குறுக்காகக் கிடந்தால் படுத்த வரி. நின்ற வரிதான் அடி தாங்கும், படுத்த வரி பிளந்துவிடும், ஆகையால் படுத்த வரிப் பிடி அடுப்புக்கு. கோஷ்டியை நடத்துகிற மேஸ்திரி இதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும், எதிரில் இருப்பவர்கள் தாமாகவே எழுந்து நிற்கும்படியாக இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யார் கோடாலி யாருடையது என்று தெரிவதற்காக, பிடி போட்டு முடித்ததும் அடி முனையை அவரவர் நிறத்துப் பெயிண்டில் ஒரு முக்கு முக்குவார்கள். மேஸ்திரிக்குப் பச்சை. அக்கா வீட்டுக்காரருக்குச் சிவப்பு. டிரைவருக்குக் கோடாலியே தேவையில்லை. ஆனாலும் மஞ்சள் முக்கிய ஒன்றை சீட்டுக்கடியில் வைத்திருந்தார்.

வரியைப் பார்க்க வேண்டிய அதே இடத்தில் பெயிண்ட் அடிக்கிறோமே என்று அந்தக் கோஷ்டியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சேர்ந்த புதிதில் அவளும் சட்டப்படிதான் நடந்தாள். ரம்பம் அறுத்த பலகையை அவள் தொடுவதில்லை. வெட்டிய மரத்தில் நல்ல கட்டையாகப் பார்த்து, ஆப்பு வைத்துப் பிளப்பாள். பிளந்தால் மரம் தன் நார் போகிற வழியிலேயே பிரியும். அந்த நாரை உச்சி முதல் அடி வரைக்கும் அறுபடாமல் வைத்துக்கொண்டு சீவுவாள். அப்படிப் பிளந்து வருவதில் பாதிக்குப் பாதி வரி படுத்துத்தான் இருக்கும். எல்லாவற்றையும் அடுப்பில் வைத்தாள். டீ நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அடுப்புக்கு நீளமாக இருக்கிறதே என்று ஒரு படுத்த வரிப் பிடியை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து, ஒடிப்பதற்காக ஏறி நின்றாள். ஒடியவில்லை. குதித்தாள். அவளைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அது நேராக நின்றது. அடுத்ததை வைத்தாள், அதுவும் அப்படியே. பட்டறையில் பழசாகக் கிடந்த, ரம்பம் அறுத்த நின்ற வரிப் பிடி ஒன்றை எடுத்து வைத்தாள். அதில் நார் பாதி வழியில் பக்கவாட்டில் ஓடி வெளியேறியிருந்தது. கால் வைத்ததும் சரிவாகக் கிழிந்துகொண்டு போயிற்று.

அன்றைக்கு அடுப்பில் எரிந்தது நின்ற வரி.

அதிலிருந்து அவள் அடி முனையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பிடியின் பக்கவாட்டில் விரலை ஓட்டி நார் எங்கேயாவது வெளியே ஓடுகிறதா என்று பார்ப்பாள். அப்புறம் ஏறி நிற்பாள். தாங்கினால் போடுவாள், ஒடிந்தால் அடுப்பு. முதல் படுத்த வரிப் பிடியை யாருக்குப் போடலாம் என்று யோசித்து, மேஸ்திரிக்கே போட்டாள். பச்சையில் முக்கிக் கொடுத்தாள். மேஸ்திரி அதை எடுத்து இரண்டு வீச்சு வீசிவிட்டு, "இந்த மாதிரி கைக்கு அடங்கின பிடி எனக்கு அமைஞ்சதே இல்ல தங்கச்சி" என்றார். வருஷக்கணக்காக அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

அது உடைந்திருந்தால் கதை வேறு. உடைந்தது சிவப்பு.

சாலையோரத்தில் விழுந்த மரமொன்றின் கிளைகளை அக்கா வீட்டுக்காரர் கழித்துக்கொண்டிருந்தார். ஓங்கி இறக்கியதில் பிடி கழுத்தில் முறிந்து, இரும்பு பறந்துபோய் லாரியின் முன்கண்ணாடியில் விழுந்தது. உள்ளே டிரைவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்கும் காயமில்லை. கண்ணாடித் தூள் விழுந்த சாப்பாட்டை அவர் அப்படியே மூடி வைத்தார். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. எடைக்கல் அன்றைக்குப் பட்டறையில் இருந்தாள்.

உடைந்த பிடியோடு எல்லாரும் யார்டுக்கு வந்தார்கள். மேஸ்திரி சிவப்பு முனையை ரம்பத்தால் ஒரு விரல் அகலத்துக்கு அறுத்துத் தள்ளினார். புது முகத்தில் எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார். வரிகள் பளிச்சென்று தெரிந்தன. குறுக்கே படுத்திருந்தன.

"இது என்ன?"

"படுத்த வரி" என்றாள் எடைக்கல்.

"தெரியாம வந்துடுச்சா?"

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். மேஸ்திரியின் குரலிலேயே அந்தக் கதவு திறந்துதான் இருந்தது.

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அக்கா வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "கேட்டுக்குங்க அண்ணே. சொந்த அக்கா புருஷனைத் தீர்த்துக்கட்டப் பார்த்திருக்கா. எங்க வீட்டுச் சோத்தைத் தின்னு வளர்த்த உடம்பு."

"மாமா, கழுத்துல என்ன கறுப்பு டேப்பு சுத்தியிருக்கு?"

"பிடிமானத்துக்கு."

"கழுத்தை யாரு பிடிக்கிறாங்க?" அவள் உடைந்த துண்டை மேஸ்திரி கையிலிருந்து வாங்கி டேப்பை உரித்தாள். உள்ளே மரம் எலி கடித்தது போலக் கன்றிப் போயிருந்தது. குறி தவறி இரும்புக்குப் பதிலாகக் கழுத்தே கிளையில் இடித்தால் அப்படித்தான் ஆகும். அப்படி இடிபட்ட பிடியைப் பட்டறையில் ஒப்படைத்துவிட்டு அன்றைக்குக் கிளை பொறுக்கப் போக வேண்டும் என்பதும் கோஷ்டியின் வழக்கம்தான். மரம் ஏறுகிறவர் கிளை பொறுக்குவதா என்று டேப் சுற்றியிருந்தார்.

"சரி, இடிச்சேன். நின்ற வரியா இருந்தா தாங்கியிருக்குமில்ல?"

"தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

"பார்த்தீங்களா, தெரியாதாம்."

"இது ஒண்ணுதானே உடைஞ்சுது? மத்ததையும் பாருங்க. எல்லாரும் அவங்கவங்க பெயிண்டைச் சுரண்டுங்க."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சுரண்டினார்கள். நீலம் படுத்த வரி. வெள்ளை நின்ற வரி. காவி படுத்த வரி. டிரைவர் மஞ்சளைச் சுரண்டிவிட்டு, "என்னுது நிக்குதப்பா. வேலை வெட்டியில்லாததுதான் நிக்கும் போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் மேஸ்திரி பச்சையைச் சுரண்டி முடித்திருந்தார்.

தான் சரி என்று இதனால் நிரூபணமாகும் என்று அவள் நினைத்திருந்தாள். இத்தனை பிடி இத்தனை காலமாக உடையாமல் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். ஆனால் அவர்கள் கண்ணில் பட்டது வேறு.

"எத்தனை வருஷமா எங்களை ஏமாத்துற?" என்றார் மேஸ்திரி. சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அண்ணே."

"கேக்கணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதன்முறையாக அவள் கண்ணைத் தாழ்த்தினாள். அதுவும் மேஸ்திரியின் கையில் இருந்த பிடியைப் பார்க்கத்தான். நல்ல பிடி. நார் ஒன்றுகூட அறுபடாமல் உச்சி வரைக்கும் போயிருந்தது.

மேஸ்திரி முடிவைச் சொன்னார். நாளை காலையில் எல்லார் முன்னாலும் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இனிமேல் நின்ற வரி மட்டும்தான் போட வேண்டும். முடியாதென்றால் பட்டறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம், பிடியைக் கடையில் வாங்கிக்கொள்கிறோம். அக்கா வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே கடைக்குப் போய், வார்னிஷ் பளபளக்கும் புதுப்பிடிகளை ஒரு கட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எல்லாம் நின்ற வரி. பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்.

எடைக்கல் குடியிருந்தது அக்கா வீட்டு மாடி அறையில். சாப்பாடு கீழே. அன்றைக்கு மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள். அவர் எழுந்து கை கழுவப் போனதும் அக்கா அடித்தொண்டையில் பேசினாள்.

"தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சுடுமா உனக்கு?"

"தப்பு பண்ணியிருந்தா சொல்லுவேன்."

"மறைச்சது தப்பில்லையா?"

"மறைச்சது பெயிண்டு. முக்கச் சொன்னது அவங்க."

"இந்த வியாக்கியானமெல்லாம் வேண்டாம்டி. அந்த வேலை போனா எங்க போவ? மறுபடி கட்டில் கடைக்கா?"

எடைக்கல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அக்கா கேட்டதில் ஒன்றும் பொய்யில்லை. அந்தச் சாவி போனால் வேறு எந்த இடத்திலும் அவள் உடம்பு கேலிக்குத்தான். இந்தப் பட்டறை ஒன்றில்தான் அது கருவி. இதை அக்காவிடம் சொன்னால் புரியுமா என்று ஒரு கணம் பார்த்தாள். அக்கா ஒல்லியாகவே பிறந்து ஒல்லியாகவே இருப்பவள். மேஜை ஓரத்தில் அரைத் தட்டுச் சோற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

காலையில் எல்லாருக்கும் முன்னால் யார்டுக்கு வந்து, பட்டறையிலிருந்த இரண்டு கட்டைகளையும் நடு யார்டில் கொண்டுவந்து போட்டாள். கோஷ்டி வந்தது. மேஸ்திரி கையை நீட்டினார், வார்த்தைக்கோ சாவிக்கோ, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக. அவள் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, கட்டை மேல் வைத்தாள்.

"போறதா இருந்தா போறேன். தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன். நான் போட்ட ஒவ்வொரு பிடி மேலயும் ஏறி நின்னுதான் போட்டேன். கடைப் பிடி மேல யாரும் நிக்கலை. நீங்க அதை ஓங்கும்போது பக்கத்துல டிரைவர் உக்காந்திருப்பாரு. அதனால நின்னு பார்த்துட்டுப் போறேன்."

"என்னை ஏம்மா இழுக்கிற" என்றார் டிரைவர். ஆனால் இரண்டடி முன்னால் வந்து நின்றார்.

கடைக் கட்டிலிருந்து ஒரு பிடியை உருவி, வெட்டு விழுகிற பக்கம் மேலே வரும்படி இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். லேசாக முனகியது, தாங்கிவிட்டது. அடுத்ததும் தாங்கியது. அக்கா வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "ம், அப்புறம்?" என்றார்.

எல்லாமே தாங்கிவிட்டால் சாவி அங்கேயே கிடக்கும், அவள் தெருவில் நிற்பாள். ஆனாலும் தாங்கியதைத் தாங்கியது என்றே தனியாக வைத்தாள். "இது ரெண்டும் நல்லாயிருக்கு" என்று சத்தமாகச் சொல்லவும் சொன்னாள்.

அடுத்ததில் கால் வைத்ததும் கிழிந்தது. வார்னிஷோடு சேர்ந்து, சரிவாக, ஒரு முழ நீளத்துக்கு. அடி முனையில் வரி அழகாக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

"நீ ஏறினா எதும்மா உடையாது?" என்றார் அக்கா வீட்டுக்காரர். "ரோடு கூடத்தான் உள்ள போகும்."

சிலர் சிரித்தார்கள். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேஸ்திரியிடம் போய்க் கையை நீட்டினாள். "உங்களோடதைக் கொடுங்க அண்ணே."

மேஸ்திரி தயங்கினார். பச்சை சுரண்டிய பிடியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார், தன் குழந்தையை யாரோ கேட்ட மாதிரி. அப்புறம் கொடுத்தார். இரும்பு ஒரு கட்டைக்கு அந்தப் பக்கம் தொங்க, பிடியைக் குறுக்கே வைத்து, அவள் ஏறினாள். அது வளைந்தது. சுற்றி நின்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளைந்தது. அவள் அதன் மேல் நின்றபடியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒருத்தர் விடாமல் எல்லார் முகத்தையும் பார்த்தாள். இறங்குகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

"போதும், இறங்கும்மா" என்றார் மேஸ்திரி. "உடைச்சுடப் போற."

"உடையாது."

"உடையாதுன்னுதான் சொல்றேன். இறங்கு."

இறங்கினாள். மேஸ்திரி பிடியை எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு தங்கிவிட்டதா என்று பார்த்தார். தங்கவில்லை. அவள் சொன்னது சரி என்று அவர் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவுமில்லை. "வரி பார்க்கிறது இருக்கட்டும். அதோட இதையும் பாரு" என்றார். அப்புறம் எல்லாரையும் பார்த்து, "எந்தப் பிடியா இருந்தாலும் நம்ம கண்ணு முன்னாலதான் ஏறணும். மறைவுல ஒண்ணும் கிடையாது. பெயிண்டும் இனிமே கழுத்துலதான்" என்றார். கட்டை மேல் கிடந்த சாவியை அவர் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எடுத்துச் செருகிக்கொண்டாள்.

சுரண்டிய கோடாலிகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. ஆட்கள் ஒவ்வொருவராகப் போய் அவரவருடையதையே எடுத்துக்கொண்டார்கள். நீலக்காரர் மட்டும் படுத்த வரியை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார். பெயிண்ட் கழுத்துக்கு என்று தானே சொல்லிவிட்டு, மேஸ்திரி மத்தியானம் பட்டறைக்கு வந்து பச்சை டப்பாவைத் திறந்து, தன் பிடியின் அடி முனையை மறுபடியும் ஒரு முக்கு முக்கிக்கொண்டு போனார். அவள் பார்க்காதது போல இருந்தாள்.

கடைசியில் வந்தவர் அக்கா வீட்டுக்காரர். கையில் பிடி இல்லாத இரும்பு. வாசலில் நின்றுகொண்டு, "எனக்கு நின்ற வரிதான் வேணும்" என்றார், சுவரைப் பார்த்து.

"தாராளமா." கடைப்பிடியில் தாங்கிய இரண்டில் ஒன்றை எடுத்து, வார்னிஷைச் சுரண்டி, தலையை இரும்பின் துளைக்குள் இறக்கி, ஆப்பு வைத்தாள். சுத்தியல் சத்தம் நின்றதும் அவர் ஒரு அடி உள்ளே வந்தார்.

"இது மேல நின்னியா?"

"காலையில பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"பார்த்தேன்." அவர் பிடியின் மேல் ஒரு விரலை வைத்தார். "இன்னொரு தடவை நில்லேன்."

எடைக்கல் பிடியின் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுத்து, ஈரம் காய ஊதி, கோடாலியை அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு தடவை போதும் மாமா. நிக்கிறது நான்."